போலந்தில் தறியில் உட்கார்ந்த கலைஞர்கள்

1962 கோடையில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், டேபஸ்ட்ரி என்கிற சித்திர நெசவுக்கான முதல் சர்வதேசக் கண்காட்சி திறந்தது. நடத்தியவர்கள் பிரெஞ்சு ஓவியர் ழான் லூர்ஸாவும் லோசானைச் சேர்ந்த பியேர் பாலியும். சுவர்களில் தொங்கியவை பெரும்பாலும் வழுவழுப்பான கம்பளி நெசவுகள். ஓவியர் வரைந்து கொடுத்ததைப் பட்டறைக்காரர்கள் பிசகாமல் நெய்த துணிகள். அவற்றின் நடுவே வார்சாவிலிருந்து வந்த ஒரு துண்டு இருந்தது. இரண்டு மீட்டர் உயரம், ஆறு மீட்டர் அகலம். வெள்ளை, சாம்பல், கறுப்பு. கயிறு போன்ற தடித்த நூல்கள், கைக்குத் தட்டுப்படும் முடிச்சுகள், ஒரே சீராக இல்லாத பரப்பு. 'வெள்ளை வடிவங்களின் கலவை' என்று பெயர். செய்தவர் மக்தலேனா அபகனோவிச், அப்போது முப்பத்திரண்டு வயது. துணியை இப்படிக்கூடச் செய்யலாமா என்று பலர் முகம் சுளித்தார்கள். சிலர் அதன் முன்னாலிருந்து நகரவில்லை.

நார்க்கலையின் நவீன வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு மேதை வந்தார், உலகம் திரும்பிப் பார்த்தது என்று கதை போகிறது. அதில் பாதி எனக்குச் சம்மதம். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சென்னிமலைப் பக்கம் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். அப்பா போர்வை நெய்தார். அம்மா தார் சுற்றினார். கோலம் வேறு யாரோ போட்டு அட்டையில் வரும், அப்பா அதை இழை பிசகாமல் துணியில் ஏற்றுவார். போர்வையில் கடையின் பெயர் இருக்கும். கோலம் போட்டவர் பெயரும் இருக்காது, அப்பா பெயரும் இருக்காது. திருமணத்துக்குப் பிறகு கணவரின் வேலையால் போலந்தின் வூச் நகரில் குடியேறினேன். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பெரிய பஞ்சாலை நகரங்களில் ஒன்று அது. அங்கே இருக்கும் நெசவு அருங்காட்சியகத்துக்குப் போகப் போக ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. இந்த நாட்டில் கோலம் போட்டவரே தறியிலும் உட்கார்ந்திருக்கிறார். ஏன் இங்கே மட்டும் அப்படி ஆனது என்று தேடத் தொடங்கினேன்.

ஐரோப்பாவின் வழக்கம் அதற்கு நேர்மாறானது. ஓவியர் முழு அளவில் மாதிரிப் படம் வரைவார். பட்டறையில் நெசவாளிகள் அதைப் பாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிறத்துக்கு நிறம் நெய்வார்கள். போலந்தின் மிகப் பெரிய நெசவுச் செல்வமும் அப்படி வந்ததுதான். பதினாறாம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் சிகிஸ்மண்ட் அகஸ்டஸ், கிராக்கூவின் வாவெல் கோட்டைக்காகச் சித்திரத் துணிகளை பிரஸ்ஸல்ஸ் பட்டறைகளில் சொல்லிச் செய்வித்தார். நோவாவின் கதையைச் சொல்லும் துணிகள் அவற்றில் உண்டு. மிக்கேல் கோக்ஸி என்ற ஓவியரின் மாதிரிகளை வைத்து, பொன் வெள்ளி இழைகளோடு நெய்தார்கள். 1939-இல் ஜெர்மன் படை வந்தபோது அவற்றைச் சுருட்டி ருமேனியா, பிரான்ஸ், இங்கிலாந்து வழியாகக் கனடாவுக்குக் கொண்டுபோனார்கள். கடைசித் துணிகள் ஊர் திரும்பியது 1961-இல்தான். லோசானில் அந்தக் கயிற்றுத் துணி தொங்கியது அதற்கு அடுத்த ஆண்டு.

இந்த வழக்கம் போலந்தில் எப்படி மாறியது என்று பார்க்கச் சற்றுப் பின்னே போக வேண்டும். 1795 முதல் 1918 வரை போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. சொந்த அரசு இல்லாத அந்தக் காலத்தில் படித்தவர்கள் சொந்த மண்ணின் அடையாளத்தைக் கிராமத்துக் கைவினைகளில் தேடினார்கள். 1913-இல் கிராக்கூவில் தொடங்கிய 'கிராக்கூவ் பட்டறைகள்' அப்படிப் பிறந்த அமைப்பு. அதில் ஓவியர்களும் தச்சர்களும் நெசவாளிகளும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தார்கள். அங்கே புகழ்பெற்ற துணிகள் எவை தெரியுமா? மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக். மிக்கவ் ஷெட்லெத்ஸ்கி என்ற கிராக்கூவ் விலங்கியல் பேராசிரியர் ஜாவாவுக்கு ஆராய்ச்சிக்குப் போய், திரும்பும்போது பாத்திக் துணிகளைச் சேகரித்து வந்திருந்தார். அந்தச் சேகரிப்பைப் பார்த்துத்தான் பட்டறைக்காரர்களுக்கு ஆர்வம் வந்தது. கலைப் பயிற்சி எதுவும் இல்லாத இளம் பெண்களை உட்கார வைத்து, மாதிரி எதுவும் தராமல், மனதில் தோன்றியதை மெழுகால் வரையச் சொன்னார்கள். 1925 பாரிஸ் கண்காட்சியில் போலந்துக்குக் கிடைத்த பேருக்கு இந்தத் துணிகளும் ஒரு காரணம். ஜாவாவின் நயமான பாத்திக்குகளுக்கு ஒரு காலத்தில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய பருத்தித் துணியே அடித்துணி என்பதை இங்கே ஒரு தமிழ் வாசகர் நினைத்துப் பார்க்கலாம். ஷெட்லெத்ஸ்கியின் முடிவு கொடுமையானது. 1939 நவம்பரில் கிராக்கூவ் பேராசிரியர்களை நாஜிகள் ஒட்டுமொத்தமாகப் பிடித்தபோது அவரும் சிக்கினார். 1940 ஜனவரியில் சாக்ஸன்ஹௌஸன் முகாமில் இறந்தார்.

மாதிரி தராமல் செய்யச் சொன்ன அந்தத் துணிவைப் பிடித்துக்கொண்டவர் எலியோனோரா புளுத்தின்ஸ்கா. 1886-இல் பிறந்தவர், 1926-இல் வார்சாவில் 'வாட்' என்ற கலைஞர் கூட்டுறவைத் தொடங்கியவர்களில் ஒருவர். என்னைக் கேட்டால் போலந்து நார்க்கலைக்குத் தாய் இவர்தான். அவர் கேட்டவை எளியவை. நூல் கையால் நூற்றதாக இருக்க வேண்டும், சாயம் செடியிலிருந்து வர வேண்டும், நெய்கிறவர் மாதிரிப் படத்தைப் பார்த்து நெய்யக் கூடாது. உருவம் தறியிலேயே, ஊடை மேலே ஏற ஏற, உருவாக வேண்டும். ஆலை நூல் மலிவாகக் கிடைத்த 1930-களில் இதைச் சொல்லப் பிடிவாதம் வேண்டும். கையால் நூற்ற கம்பளி ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். சாயம் ஏறும்போது தடித்த இடம் வேறாகவும் மெலிந்த இடம் வேறாகவும் குடிக்கும். ஒரே சிவப்பு துணியில் பத்துச் சிவப்பாகத் தெரியும். ஆலை நூலில் இது வராது என்பதை எங்கள் வீட்டுப் பாட்டியும் சொல்லுவார்.

புளுத்தின்ஸ்கா வகுப்பறையோடு நிற்கவில்லை. வடகிழக்கே, சொகூல்கா ஊருக்கு அருகில் யானுவ் என்ற சிற்றூர்ப் பக்கத்தில், கிராமத்துப் பெண்கள் இரட்டைப் பாவில் கனமான கம்பளி விரிப்புகள் நெய்வதைக் கண்டார். கல்யாணச் சீராகப் போகும் விரிப்புகள் அவை. ஆலைச் சரக்கு வந்து அந்த வேலை நலிந்துகொண்டிருந்தது. பழைய நூற்பையும் செடிச் சாயத்தையும் விடாதீர்கள், நட்சத்திரமும் கட்டமும் மட்டும் போடாமல் உங்கள் வயலையும் வீட்டையும் கல்யாணத்தையும் நெய்யுங்கள் என்று அவர்களிடம் சொன்னார். அவர்கள் நெய்தார்கள். சேவலும் குதிரையும் அறுவடையும் மணமக்களும் துணிக்குள் வந்தார்கள்.

இந்த இரட்டைப் பாவுத் துணியைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கறுப்பில் ஒரு பாவு, வெள்ளையில் ஒரு பாவு, ஒரே தறியில் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். கறுப்புக்குக் கறுப்பு ஊடை, வெள்ளைக்கு வெள்ளை ஊடை. ஆக, ஒரே நேரத்தில் இரண்டு துணிகள் வளர்கின்றன. குதிரையின் கழுத்து வரவேண்டிய இடம் வந்ததும், நெசவுக்காரி தட்டையான மரக்குச்சியால் இழைகளை எண்ணி எண்ணிப் பொறுக்குவார். கீழ்த்துணி மேலே வரும், மேல்துணி கீழே போகும். உருவத்தின் விளிம்பில் மட்டும் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் இரண்டுக்கும் நடுவே விரலை விட்டால் பை மாதிரி திறக்கும். நெய்து முடித்ததைத் திருப்பிப் போட்டால், வெள்ளைப் பனியில் நின்ற கறுப்புக் குதிரை அங்கே இருட்டில் நிற்கும் வெள்ளைக் குதிரை. அட்டையில்லை, ஜக்கார்டு இல்லை. எல்லாக் கணக்கும் அந்தப் பெண்ணின் தலைக்குள். யானுவில் இன்றும் சிலர் இதை நெய்கிறார்கள். சிலர்தான்.

போர் வந்து எல்லாவற்றையும் அடித்துப் போட்டது. வார்சாவே தரைமட்டம். அபகனோவிச்சின் குடும்பம் நிலவுடைமைக் குடும்பம். 1943-இல் வீட்டுக்குள் புகுந்த சிப்பாய்கள் சுட்டதில் அவருடைய தாய் வலக்கையை இழந்தார். மகள் கண்ணெதிரே நடந்தது அது. போருக்குப் பிந்தைய கம்யூனிஸ ஆட்சியில் அந்தக் குடும்பப் பின்னணியே குற்றமாகிவிட, அதை மறைத்துத்தான் கலைக் கல்லூரியில் சேர வேண்டியிருந்தது. 1950 முதல் 1954 வரை வார்சா நுண்கலை அகாதமியில் படித்தார். சோசலிச யதார்த்தவாதம் ஓவியர்களின் கழுத்தை நெரித்த ஆண்டுகள் அவை. தொழிலாளி, டிராக்டர், தலைவர், இவற்றை விட்டு எதை வரைந்தாலும் கேள்வி வரும். நெசவுப் பிரிவில் அந்த நெருக்கடி குறைவு. துணி அலங்காரம்தானே என்று அதிகாரிகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அலங்காரம் என்று மட்டமாக எண்ணியதே அந்தப் பிரிவுக்குப் பாதுகாப்பாக அமைந்தது. புளுத்தின்ஸ்கா அங்கே கற்பித்தார். யோலந்தா ஓவிட்ஸ்காவும் அபகனோவிச்சும் அவரிடம் படித்தவர்கள். 1949-இல் அரசு உருவாக்கிய செப்பேலியா என்ற நிறுவனம் நாட்டுப்புறக் கைவேலைகளை வாங்கி விற்றது. யானுவ் பெண்களுக்கு அதனால் வருமானம் வந்தது, தறிகள் நிற்காமல் ஓடின.

படித்து முடித்தவர்களுக்குத் தறி எங்கே? பிரான்சில் ஓபுசோன் மாதிரி தலைமுறை தலைமுறையாகச் சித்திர நெசவு செய்யும் ஊர் இங்கே கிடையாது. இடமும் கிடையாது. அபகனோவிச் கணவரோடு இருந்தது ஒற்றை அறை வீட்டில். மரியா வாஷ்கியெவிச் என்ற மூத்த கலைஞர் வார்சாவின் பியெலானிப் பகுதியில் தம் வீட்டு நிலவறையைத் திறந்துவிட்டார். அங்கேயிருந்த தறிகளில் கலைஞர் சங்கத்தின் பரிசோதனைப் பட்டறை நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து நெய்யலாம், நெய்து பார்க்கலாம், கெடுக்கலாம், பிரிக்கலாம். கூரை தாழ்ந்த அறை. நெய்ததை முழுதாக விரித்துப் பார்க்க இடமில்லை. சுருட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல கம்பளியும் பட்டும் கிடைக்காததால், கிடைத்ததெல்லாம் நூலாயின. துணி காயப்போடும் பருத்திக் கயிறு, சணல், குதிரைமுடி. லோசானில் தொங்கிய அந்த ஆறு மீட்டர் துணி இந்த நிலவறையில் நெய்ததுதான். லோசானுக்கு அபகனோவிச்சின் பெயரைப் பரிந்துரைத்தவரும் வாஷ்கியெவிச்தான். தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் தறியையும் இடத்தையும் வாய்ப்பையும் இளையவர்களுக்குக் கொடுத்த அந்த அம்மாளைப் பற்றி இன்னும் எத்தனையோ பக்கங்கள் எழுத வேண்டும்.

லோசானில் சர்ச்சை கிளம்பியது. சித்திர நெசவின் பொறுப்பு ஓவியருடையதா, நெசவாளியுடையதா? பிரெஞ்சுக்காரர்களின் முறையில் இரண்டு பேர். போலந்துக்காரர்களின் முறையில் ஒருவரே. அடுத்தடுத்த கண்காட்சிகளில் அமெரிக்கர்களும் யூகோஸ்லாவியர்களும் ஜப்பானியர்களும் தாங்களே நெய்தவற்றைக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் பிரெஞ்சு முறை பழசாகிப் போனது. பியேர் பாலியின் மனைவி அலிஸ் பாலி லோசானில் தம் கலைக்கூடத்தில் அபகனோவிச்சின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். கடவுச்சீட்டு கிடைப்பதே பெரும்பாடாக இருந்த நாட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு அந்தத் தம்பதியின் ஆதரவு எவ்வளவு பெரிது! 1965-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ பியெனாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம்.

அதற்குப் பிறகுதான் துணி சுவரைவிட்டு வெளியே வந்தது. துறைமுகங்களில் கழித்துப் போட்ட பழைய கப்பல் கயிறுகளைச் சேகரித்து, புரி பிரித்து, கழுவி, சாயம் ஏற்றி அபகனோவிச் நெய்யத் தொடங்கினார். பெரும்பாலும் சைசல், அதாவது நம்மூர் ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் ஆனைக்கற்றாழையின் இனத்து நார். கையைக் கிழிக்கும் சரக்கு. துணிகள் வட்டமாக, நீள்வட்டமாக, நடுவில் பிளவு விட்டு நெய்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, இரும்பு வளையத்தில் கூரையிலிருந்து தொங்கவிட்டவை. விமர்சகர் ஒருவர் அவற்றுக்கு 'அபகன்' என்று பெயர் வைத்தார்; அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1969-இல் நெய்த சிவப்பு அபகன் சுமார் நான்கு மீட்டர் உயரம். இன்று அது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சொத்து. 2022-23 குளிர்காலத்தில் அங்கே அபகன்களை ஒரு காடு மாதிரி ஒரே கூடத்தில் தொங்கவிட்டிருந்தபோது நான் போய்ப் பார்த்தேன். புகைப்படத்தில் ஒருபோதும் தெரியாதது அந்தத் துணியின் ஓரம். பாவு நூல்கள் முடியும் இடத்தில் அவற்றை வெட்டாமல் திரும்ப உள்ளே செருகியிருக்கிறார், கிராமத்து விரிப்பில் செய்வதைப் போலவே. பிளவின் இரு கரைகளிலும் ஊடை திரும்பும் இடத்தில் ஒவ்வொரு திருப்பமும் கையால் அழுத்தி இறுக்கியது தெரிகிறது. பத்தடி தள்ளி நின்றால் மரப்பொந்து மாதிரியோ, பெண்ணுடல் மாதிரியோ தோன்றுவது, மூக்குக்கு நேரே வந்தால் சுத்தமான நெசவு. இந்த வேலையில் ஸ்டெபானியா ஸ்குட்கா என்ற நெசவுக்காரி பல காலம் அவருக்கு உறுதுணையாக இருந்தார். அந்தப் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1969-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'சுவர்த் தொங்கல்கள்' என்ற கண்காட்சியை நடத்தியது. தொகுத்தவர்கள் மில்ட்ரெட் கான்ஸ்டன்டைனும் ஜாக் லெனர் லார்சனும். எட்டு நாடுகளிலிருந்து 28 கலைஞர்கள். அதில் போலந்துக்காரர்கள் மட்டும் ஆறு பேர்: அபகனோவிச், ஜோஃபியா புட்ரிமோவிச், பார்பரா ஃபல்கோவ்ஸ்கா, ஏவா யாரோஷின்ஸ்கா, யோலந்தா ஓவிட்ஸ்கா, வோய்ச்செக் சாட்லெய். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், அமெரிக்காவின் முதன்மையான நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு கம்யூனிஸ நாட்டின் நெசவுக் கலைஞர்கள்! ஒரு தனி மேதையின் கதை இது என்றால் மற்ற ஐந்து பேர் எப்படி அங்கே வந்தார்கள்? அந்தக் கண்காட்சியைப் பற்றிச் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா எழுதியபோது, இவை அலங்காரத்திலிருந்து முழுதாக விடுபடவில்லை என்ற தொனியில் குறை சொன்னார். துணியைக் கலையாக ஏற்பதில் அன்று எவ்வளவு தயக்கம் இருந்தது என்பதற்கு அந்தக் கருத்தே சாட்சி.

இனி என் ஊருக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வூச்சில் ஆயிரம் பேர்கூட இல்லை. முதல் உலகப் போருக்கு முன் ஐந்து லட்சம். போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர், ரஷ்யர் நான்கு தரப்பாரும் கட்டிய பஞ்சாலை நகரம். சாக்சனியிலிருந்து வந்த லூட்விக் கெயர் 1835 முதல் 1839 வரை கட்டிய ஆலையின் வெள்ளைச் சுவர்களால் அதற்கு 'வெள்ளை ஆலை' என்றே பெயர். நகரத்தின் முதல் நீராவி எந்திரம் ஓடியது அங்கேதான். நாஜிகள் இதே ஊரில் யூதர்களை கெட்டோ என்ற தனிக் குடியிருப்புக்குள் அடைத்து, ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைக்க வைத்து, பிறகு முகாம்களுக்கு அனுப்பிக் கொன்றார்கள். இந்த ஊரின் நெசவு வரலாற்றை அதைச் சொல்லாமல் எவரும் எழுதக் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலைகள் அரசுடைமை ஆயின. தறிக்கூடங்களில் பெரும்பாலும் பெண்கள். 1970 டிசம்பரில் அரசு உணவு விலையை ஏற்றியது. க்தான்ஸ்க் முதலிய துறைமுக ஊர்களில் கப்பல்கட்டும் தொழிலாளர்கள் தெருவில் இறங்க, ராணுவம் சுட்டுப் பலரைக் கொன்றது. ஆட்சித் தலைமை மாறியது, விலை குறையவில்லை. 1971 பிப்ரவரி 10-ஆம் தேதி வூச் ஆலைப் பெண்கள் தறிகளை நிறுத்தினார்கள். பிரதமர் யாரோஷேவிச்சே நேரில் ஓடிவந்தார். பெண்கள் அசையவில்லை. 15-ஆம் தேதி அரசு விலையேற்றத்தைத் திரும்பப் பெற்றது. துப்பாக்கிக்குப் பணியாத ஆண்களால் முடியாததை, எந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் பக்கத்திலேயே நின்ற பெண்கள் சாதித்தார்கள். உலகத் தொழிலாளர் வரலாற்றில் இந்த வெற்றிக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1972-இல், அதே ஊரில் நெசவுக்கான மூவாண்டுக் கண்காட்சி தொடங்கியது. வெள்ளை ஆலை அதற்கு முன்பே, 1960-இல், நெசவு அருங்காட்சியகமாகியிருந்தது. அதை உருவாக்கி நடத்தியவர் க்ரிஸ்டினா கோந்த்ராத்யூக். மூவாண்டுக் கண்காட்சி முதலில் தேசிய அளவில். 1975-இலிருந்து சர்வதேச அளவில். ஒரே கட்டடத்தில் ஒரு தளத்தில் பழைய ஆலைத் தறிகள், இன்னொரு தளத்தில் உலகக் கலைஞர்களின் நார்ச்சிற்பங்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் ஒரு தறியை ஓட்டிக் காட்டுவார்கள். அந்தச் சத்தம் மேலே கலைக்கூடம்வரை கேட்கும். 1989-க்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ரஷ்யச் சந்தை போனது, ஆசியத் துணி வந்தது, ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்தார்கள். 1971-இல் வேலைநிறுத்தம் தொடங்கிய ஆலை வளாகம் 2006 முதல் 'மனுஃபக்துரா' என்ற பெரிய கடைவளாகம். லோசான் கண்காட்சியும் 1995-உடன் முடிந்துபோனது. வூச் கண்காட்சி மட்டும் நிற்காமல் நடக்கிறது.

அபகனோவிச் 1970-களின் நடுவில் தறியைவிட்டு எழுந்துவிட்டார். சாக்குத் துணியைப் பிசினில் தோய்த்து மனித முதுகுகளின் வரிசைகளைச் செய்தார். பிறகு வெண்கலம், இரும்பு. சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் 2006-இல் நிறுவிய 106 தலையில்லா இரும்பு மனிதர்கள் அவருடையவை. 'நெசவுக்காரி' என்று தம்மை ஒதுக்கிவிடுவார்களோ என்ற கவலை அவருக்கு இருந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் துணியில் செய்தவற்றின் பக்கத்தில் இரும்பு உருவங்கள் எனக்குச் சிறியவையாகவே தெரிகின்றன. 1965 முதல் 1990 வரை பொஸ்னான் கலைக் கல்லூரியில் கற்பித்தார். 2017-இல் காலமானார்.

இன்றைய போலந்தில் நூலைப் பிடித்தவர்கள் பல திசைகளில் போகிறார்கள். வூச்சைச் சேர்ந்த வ்வோஜிமியெஷ் ட்சிகன் ஊடையில் ஒளியிழைகளைச் சேர்த்து நெய்கிறார். விளக்கை அணைத்தால் துணி தானே மின்னும். தெற்கே மலையூரான கோனியாகூவில் பெண்கள் கொக்கி ஊசியால் பின்னும் சரிகைப் பூக்கள், ஒரு காலத்தில் மணமான பெண்களின் தலைக்குல்லாய்க்கு மட்டும் உரியவை, இப்போது உலகச் சந்தைக்குப் போகின்றன. ஓலெக் என்ற பெயரில் அறியப்படும் கலைஞர் 2010 டிசம்பரில் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டின் வெண்கலக் காளைக்கு ஓர் இரவில் கொக்கிப்பின்னல் சட்டை மாட்டிவிட்டார். 2015-இல் டெல்லிக்கு வந்து வீடற்ற பெண்களின் இரவுத் தங்குமிடம் ஒன்றைப் பின்னல் துணியால் முழுக்கப் போர்த்தினார்.

இவர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் மவ்கொஜாதா மிர்கா-தாஸ். 1978-இல் பிறந்த ரோமா இனத்துப் பெண். ரோமா மக்கள் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியாவிலிருந்து புறப்பட்டவர்கள் என்பதை மொழியாராய்ச்சியும் மரபணு ஆராய்ச்சியும் சொல்கின்றன. ஐரோப்பா அவர்களை நூற்றாண்டுகளாக விரட்டியது. நாஜிகள் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். 2022 வெனிஸ் பியெனாலேயில் போலந்து அரங்கு முழுவதையும் மிர்கா-தாஸ் தம் தையல் துணிகளால் போர்த்தினார். ஒரு நாட்டின் அரங்கில் தனியே இடம்பெற்ற முதல் ரோமா கலைஞர் அவர்தான். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெரிய துணிகள், ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்கு. மேலே ரோமா மக்கள் ஐரோப்பாவுக்கு வந்த வரலாறு. ழாக் கல்லோ என்ற பதினேழாம் நூற்றாண்டு பிரெஞ்சுச் செதுக்கோவியர் அவர்களை இழிவாகக் காட்டிய அதே காட்சிகளை எடுத்து, பூப்போட்ட துணிகளால் மாண்போடு திரும்பச் செய்திருக்கிறார். நடுவே ராசிகளும் ரோமாப் பெண்களின் உருவங்களும். கீழே அவருடைய சொந்த ஊரான சார்னா குராவின் அன்றாடம்: உருளைக்கிழங்கு தோண்டுவது, துணி காயப்போடுவது, சீட்டாடுவது. துணியெல்லாம் சொந்தக்காரர்களும் தோழிகளும் உடுத்திக் கழித்த பாவாடை, சட்டை, திரைச்சீலை. யாருடைய உருவத்தைத் தைக்கிறாரோ அவர் உடுத்திய துணியே சில இடங்களில் அந்த உருவத்தின் உடலாகிறது. அவரோடு உட்கார்ந்து தைத்த பெண்களின் பெயர்கள் கலைஞரின் பெயரோடு கண்காட்சியிலேயே இடம்பெற்றன.

யானுவில் இழை பொறுக்கிய பெண்களின் பெயர்களும், நிலவறைத் தறிகளில் துணை நின்ற பெண்களின் பெயர்களும் அருங்காட்சியகப் பலகைகளில் இன்னும் ஏற வேண்டியிருக்கிறது. பொஸ்னான் கலைப் பல்கலைக்கழகம் இப்போது அபகனோவிச்சின் பெயரைத் தாங்குகிறது. அது அவருக்குத் தகும். புளுத்தின்ஸ்காவுக்கும் வாஷ்கியெவிச்சுக்கும் அதே அளவு மரியாதை சேர வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகிற தமிழர்கள் பாரிஸையும் ரோமையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நெசவு ஊர்களில் பிறந்தவர்களாவது வார்சாவிலிருந்து ரயிலேறி வூச்சுக்கு ஒரு நாள் வாருங்கள். பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் வெள்ளை ஆலை இருக்கிறது. முதலில் கீழ்த்தளத்துத் தறிகளைப் பாருங்கள், பிறகு மேலே போங்கள்.